தொழினுட்பத் தகைமையும் கல்வித் தகைமையும்: ஏட்டுச் சமத்துவம் பற்றிய ஒரு நோக்கு

பாடசாலையை விட்டு வெளியேறும் மாணவர் முன் நம் நாட்டிலே இரு வழிகள் உள. ஒன்று, க. பொ. த. உயர்தரப் பரீட்சையினூடாகப் பல்கலைக்கழகத்தை அடைவது. மற்றையது, தொழினுட்பக் கல்லூரிகள், பயிற்சி நிலையங்கள் ஆகியவற்றினூடாகத் தேசிய தொழிற் தகைமை பெறுவது. ஏழு மட்டங்களைக் கொண்ட இத்தகைமை ஒழுங்கில் முதல் நான்கும் சான்றிதழ்கள். ஐந்தும் ஆறும் டிப்ளோமாக்கள். ஏழாவது பட்டத்துக்குச் சமமானது. ஏட்டளவில் இரு வழிகளும் ஈற்றில் ஒரே மட்டத்தை அடைகின்றன. எனினும் சமூகம் இச்சமத்துவத்தை ஏற்கவில்லை. அதன் காரணம் யாது?

குடியேற்ற ஆட்சி வளர்த்த உத்தியோக மோகமே காரணம் என்பர். இது பாதி உண்மையே. மீதியை அறிய 1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தத்தை நோக்குதல் வேண்டும். அச்சீர்திருத்தம் தொழில் முன்னிலைப் பாடங்களை இடைநிலை வகுப்புகளிற் புகுத்தியது. அந்தந்தப் பிரதேசத்தின் தொழில்களையே மாணவர் கற்கவேண்டும் என்பது அதன் அடிப்படை. கல்வியை உற்பத்தியோடு இணைக்கும் அந்நோக்கம் முற்போக்கானதே. ஆயினும் பெற்றோர் அதனை விரும்பி வரவேற்றிலர். 1977ஆம் ஆண்டின் ஆட்சி மாற்றத்தோடு அத்திட்டம் கைவிடப்பட்டது.

பெற்றோரின் தயக்கத்தை அறியாமை என ஒதுக்கிவிட முடியாது. நமது சமூகத்திலே தச்சு, மட்பாண்டம், மீன்பிடி என்பன வெறுந் தொழில்களல்ல, சாதியோடு பிணைக்கப்பட்டவை. 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, தந்தையின் தொழிலிலிருந்து விடுபடும் வாயிலாகவே ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தோன்றியது. அவ்வாயிலினுள் அதே தொழில் பாடமாக வந்து நின்றபோது அவர்கள் ஐயுற்றனர். வசதி படைத்தவன் பிள்ளைக்கு அது பரீட்சைப் பாடங்களுள் ஒன்று. வறியவன் பிள்ளைக்கோ அதுவே முடிந்த முடிபாகலாம் என்ற அச்சம் நியாயமானதே.

இன்றைய ஒழுங்கு அன்றையதிலும் மேம்பட்டது. இதிலே மேலே ஏற ஏணி உண்டு. 2008ஆம் ஆண்டின் சட்டத்தின் வழி உருவான வாழ்க்கைத்தொழில் தொழினுட்பவியல் பல்கலைக்கழகம் அவ்வேணியின் உச்சப் படி. 2013இல் உயர்தரத்திலே தொழினுட்பப் பாடத்துறையும் புகுத்தப்பட்டது. ஆயினும் பரீட்சை என்னும் சல்லடையில் எஞ்சியோருக்கு உரியதாகவே தொழினுட்ப வழி இன்றும் காட்டப்படுகிறது. தோல்வியின் பின் கிடைக்கும் ஒன்றை மதிக்குமாறு எவரைக் கேட்க முடியும்?

மறுபுறத்தே, பட்டம் பெற்றும் வேலையற்று வீதியில் இறங்கிய கலைத்துறையினரை நாம் அறிவோம். மூன்று மணி நேர வினாத்தாள் நினைவாற்றலைப் பெரிதும் அளக்கிறது. தொழிற் தகைமையோ செய்து காட்டும் திறனை அளக்கிறது. ஒன்றின் குறையை மற்றையது நிரப்பவேண்டும்.

இவ்விடத்திலே குற்றத்தைப் பெற்றோர்மீது மட்டும் சுமத்துதல் தகாது. நமது பல்கலைக்கழகங்களின் உள்வாரி அனுமதி இன்றும் உயர்தர வெட்டுப்புள்ளியிலேயே பெரிதும் தங்கியுள்ளது. தேர்ச்சி பெற்ற மின்னியலாளன் ஒருவன், தன் தகைமையைக் கொண்டே நம் விரிவுரை மண்டபத்தில் வந்தமரும் வழியை நாம் அகலத் திறந்துள்ளோமா? அதனைச் செய்யாதவரை, ஏட்டிலுள்ள சமத்துவத்தை மறுப்போருள் நாமும் அடங்குவோம்.