குழாயில் அறுபடும் எழுத்து: தாய்–சேய்ச் செயல்முறைத் தொடர்பும் தமிழ்த் தரவாய்வும்

தமிழ்த் தரவுத்தொகுதி ஆய்வுகள் சொற்பிரிப்பையும் உருபனியல் பகுப்பையும் விரிவாகப் பேசுகின்றன. ஒரு நிரலிலிருந்து மற்றொரு நிரலுக்குப் பனுவல் கடத்தப்பட்ட முறை ஆய்வுநெறியில் அரிதாகவே இடம்பெறுகிறது. குன்னம் வட்டாரப் பேச்சுவழக்குத் தரவைப் பகுத்தபோது ‘பால் கறந்து’ என்னும் தொடர் ‘பல் கறந்து’ என வெளிவந்தது. அதனை முன்வைத்து அவ்விடுபாட்டை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

தாய்ச் செயல்முறை ‘பைப்’ அழைப்பால் குழாயை அமைத்து, ‘ஃபோர்க்’ அழைப்பால் சேயைத் தோற்றுவிக்கிறது. சேய் ‘டூப்2’ வழியாகக் குழாய் முனைகளைத் தன் உள்ளீட்டிலும் (0) வெளியீட்டிலும் (1) பொருத்திக்கொண்டு, ‘எக்செக்’ வழியாகப் பகுப்பி நிரலாக மாறுகிறது. குழாய் ஒருவழிப் பாதை. ஆதலின் பனுவலை அனுப்ப ஒன்றும் விடையைப் பெற மற்றொன்றும் தேவை. எழுதும் முனை எங்கேனும் மூடப்படாதிருப்பின், உள்ளீடு முடிந்ததைச் சேய் அறியாது.

‘குழாய்’ என்னும் உருவகம் இடையறாத ஒழுக்கை உணர்த்துகிறது. ஆயின் குழாய் அறிவது பைட்டுகளையே, எழுத்தை அன்று. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டு. ‘தமிழ்’ என்னும் 3 எழுத்துச் சொல் 5 குறியீடுகளாய், 15 பைட்டுகளாய் அமைகிறது. லினக்சில் குழாயின் இயல்பான கொள்ளளவு 65,536 பைட்டு. நிரலர் பலர் ஒரு வாசிப்புக்குக் கொள்ளும் அளவு 4,096 பைட்டு. இவை இரண்டின் மடிகள். இரண்டின் எம்மடியும் மூன்றால் மீதியின்றி வகுபடாது. எனவே தமிழ்க் குறியீடுகளே நிரம்பிய முதல் துண்டின் எல்லை ஒரு குறியீட்டின் நடுவிலேயே விழும். இடைவெளியும் நிறுத்தக்குறியும் கலந்த பனுவலில் அது எங்கு விழும் எனக் கண்ணால் கணிக்கவியலாது.

யூனிக்சில் 1973இல் குழாயை நிறுவிய கென் தாம்சனே 1992இல் ராப் பைக்குடன் யூடிஎஃப்-8ஐயும் வகுத்தார். குறியீட்டின் முதற்பைட்டும் தொடர்பைட்டும் அதில் வேறுபடுத்தி அறியத்தக்கவை. ஆதலின் குறை குழாயிலும் இல்லை, குறியீட்டு முறையிலும் இல்லை. துண்டுதோறும் தனித்தனியே குறிவிலக்கி, பிழையைப் புறக்கணிக்குமாறு பணிக்கும் நிரலில் உள்ளது. அறுபட்டது துணைக்காலாயின் ‘கால்’ ‘கல்’ ஆகும். இரண்டும் அகராதிச் சொற்களாதலின் சொற்பிழைதிருத்தி காட்டிக்கொடுக்காது. வட்டார வழக்கின் உயிர்க்குறுக்கமென ஆய்வாளர் முடிவுகட்டவும் இடமுண்டு.

முற்றுப்பெறாத இறுதிப் பைட்டுகளை அடுத்த துண்டுடன் சேர்த்தே குறிவிலக்குதல், பிழை நேரின் நிரலை நிறுத்துதல், அனுப்பிய குறியீடுகளின் எண்ணிக்கையைச் சேய் பெற்ற எண்ணிக்கையோடு ஒப்பிடுதல் ஆகிய மூன்றும் ஆய்வுநெறியில் பதிவாக வேண்டும். சுவடிப் பதிப்பாசிரியர் எழுத்துச் சிதைவைக் குறித்துக்காட்டுவது மரபு. கணினிவழித் தரவாய்வாளருக்கும் அக்கடப்பாடு உண்டு.