பல்லைப் பிடித்துப் பார்த்தவர்கள்

தமிழ்ப் புனைவில் விலங்கு இப்போதுதான் விலங்காக வந்திருக்கிறது என்ற பேச்சு சில ஆண்டுகளாகக் கருத்தரங்குகளில் அடிபடுகிறது. சங்கப் பாட்டில் அது உள்ளுறை, பக்தியில் வாகனம், நவீனச் சிறுகதையில் குறியீடு. ஜெயமோகனின் 'யானை டாக்டர்', பெருமாள்முருகனின் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை' இரண்டும் வந்த பிறகே ரத்தமும் சதையுமான பிராணி நம் எழுத்துக்குள் நுழைந்தது என்று வரிசை கட்டுகிறார்கள். அண்மையில் ஓர் இளம் ஆய்வாளர் இதைச் சொல்லிவிட்டு, இனி விலங்கின் கண்ணாலேயே கதை சொல்வதுதான் அடுத்த படி என்றார். அரங்கு தலையாட்டியது. மறுக்க எழுந்தேன், நேரம் முடிந்துவிட்டது. அன்று சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

சந்தையில் மாடு பிடிக்கப் போகிறவர் முதலில் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். ரெண்டு பல்லா, நாலு பல்லா, கடை முளைத்துவிட்டதா என்று வயது கணக்கிடுவார். பிறகு சுழி பார்ப்பார், குளம்பு பார்ப்பார், நாலடி நடக்கவிட்டுப் பார்ப்பார். தரகர் துண்டைப் போட்டு மூடி அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார். விற்கிறவர் பணத்தை எண்ணி மடியில் கட்டிக்கொண்ட பிறகு, கயிற்றை மட்டும் அவிழ்த்துத் தன்னிடமே வைத்துக்கொள்வார். மாடு போனாலும் அதன் கயிறு வீட்டில் இருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பிரியமும் விலையும் ஒரே கையில் இருக்கும் அந்தக் கணத்தை அறிந்த எழுத்தே விலங்கை அறிந்த எழுத்து என்பது என் கட்சி. அது தமிழில் 'யானை டாக்டர்' வந்த 2011இல் தொடங்கவில்லை.

பழைய காலத்தை விரைவாகக் கடந்துவிடலாம். ஐங்குறுநூற்றின் மருதத்தில் ஓரம்போகியார் நண்டுக்குப் பத்துப் பாட்டும் எருமைக்குப் பத்துப் பாட்டும் ஒதுக்கியிருக்கிறார். நெற்கதிரை இழுத்துக்கொண்டு வளைக்குள் போகும் நண்டை அங்கே பார்க்கலாம். தலைவனின் நடத்தையைச் சொல்ல வந்த உள்ளுறை அது என்று உரை சொல்கிறது, சரிதான். ஆனால் வரப்பில் குத்தவைத்து அந்த நண்டைப் பார்த்திராத ஒருவருக்கு அந்த உள்ளுறை வாய்த்திருக்காது. தொல்காப்பிய மரபியல், எதன் இளமைக்குப் பறழ் என்று பெயர், எதற்குக் குருளை, எதற்குக் கன்று என்று பிரித்து வைக்கிறது. குட்டிகளின் பெயர்களைத் தன் வேலையாக எடுத்துக்கொண்ட இலக்கணம் அது. பிற்காலத்தில் பள்ளு நூல்கள் மாட்டு வகைகளைக் கொம்பும் நிறமும் சொல்லி அடுக்கின. அங்கே பள்ளனை மாடு முட்டிச் சாய்ப்பதுகூட நிலையான உறுப்புகளில் ஒன்று. இவற்றையெல்லாம் வெறும் வாகனம், வெறும் உருவகம் என்று தள்ளிவிடுவது படிக்காததால் வருவது.

நவீன உரைநடைக்கு வருவோம். நான் நேசிக்கும் காலம் 1959இல் தொடங்குகிறது. சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' அந்த ஆண்டு நூலாக வந்தது. எழுபது எண்பது பக்கக் குறுநாவல். செல்லாயி சல்லிக்கட்டில் வாடிபுரம் ஜமீன்தாரின் காரியை அணைய வந்திருக்கிறான் பிச்சி. அவன் தகப்பன் அம்புலியை வீழ்த்தியது அதே காளை. இதைச் சாதியும் அதிகாரமும் மோதும் கதையாக வாசிப்பவர்கள் பலர், அந்த வாசிப்பில் தவறில்லை. ஆனால் அவர்கள் காளையைத் தாண்டி ஓடிவிடுகிறார்கள். செல்லப்பா ஓடவில்லை. காரி எந்தப் பக்கம் கொம்பை அலைக்கும், திட்டிவாசலில் எப்படி நிற்கும், திமிலில் கை விழுந்ததும் உடம்பை எப்படி உதறும் என்று அவர் நின்று பார்க்கிறார். கூட்டத்தில் ஒரு கிழவர் ஒவ்வொரு காளையையும் அதன் பூர்வீகத்தோடு சொல்லிக்கொண்டே போகிறார். அந்தக் கிழவரின் பேச்சுதான் நாவலின் முதுகெலும்பு. முடிவில் ஜமீன்தார் தன் காளையைத் தானே சுட்டுக் கொல்கிறார். எஜமானின் மானத்தைச் சுமந்த மிருகம், மானம் போனதும் உயிரோடு இருக்க உரிமையற்றதாகிறது. காளையின் மனத்துக்குள் செல்லப்பா நுழையவே இல்லை; வெளியில் நின்று அவ்வளவு துல்லியமாகப் பார்த்ததாலேயே அந்தச் சாவு நம்மை உலுக்குகிறது.

உச்ச நீதிமன்றம் 2014 மே மாதம் சல்லிக்கட்டைத் தடை செய்ததிலிருந்து, 2017 மெரினா போராட்டத்தைக் கடந்து, 2023 மே மாதம் தமிழ்நாட்டுச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது வரை நடந்த விவாதத்தில் காளை ஒன்று பண்பாட்டுச் சின்னமாக இருந்தது, அல்லது வதைபடும் ஜீவனாக இருந்தது. புலிக்குளமும் காங்கேயமும் உம்பளாச்சேரியும் மேடைப் பெயர்களாயின. 'வாடிவாசல்' எழுதிக் காட்டிய மூன்றாவது காளை, தன் கோபமும் தன் புத்தியும் உள்ள, மனிதர்கள் பெயர் சொல்லி அஞ்சிய காளை, இரு தரப்பிலும் இல்லை. எனக்கு அது பெரிய இழப்பாகத் தெரிந்தது.

கி. ராஜநாராயணன் கரிசலுக்குப் போய் 'கிடை'யை எழுதினார். ஊரார் பலருடைய ஆடுகள் ஒரே கிடையில் சேர்ந்து மேய்கின்றன. மேய்க்கும் இருவரின் காதலில் கவனம் பிசகி ஆடுகள் வெள்ளாமையை அழித்துவிடுகின்றன. ஊர் கூடி விசாரிக்கிறது. 2003இல் அம்ஷன் குமார் இதை 'ஒருத்தி' என்று படமாக்கியபோது காதலும் சாதியும் முன்னால் வந்தன, திரைக்கு அது தேவையாக இருந்திருக்கலாம். கதையில் ஆடுகள் பின்னணிக்குப் போவதே இல்லை. எந்த ஆடு யாருடையது, எது முன்னால் போகும், எது அடங்காது என்ற அறிவு எல்லார் வாயிலும் இருக்கிறது. கி.ரா. அதை விளக்குவதில்லை. ஊர்க்காரர் ஊர்க்காரரிடம் பேசுவதுபோல் பேசிக்கொண்டே போகிறார்.

அதே தலைமுறையில் நகரத்து நடுத்தரக் குடித்தனத்தில் இருந்து அசோகமித்திரன் 'எலி' எழுதினார். பொறிக்குள் மசால் வடை வைத்து எலி பிடிக்கிறான் கணேசன். பிடிபட்ட எலியை வெளியே கொண்டுபோய் விட்டதும் அது பறவைக்கு இரையாகிறது. பொறியைப் பார்த்தால் வடை தின்னப்படாமல் அப்படியே இருக்கிறது. கருணை என்ற சொல் எங்கும் இல்லாமல் கருணையின் முழுப் பாரத்தையும் அந்த வடை சுமக்கிறது. சா. கந்தசாமியின் 'தக்கையின் மீது நான்கு கண்கள்' தாத்தாவுக்கும் பேரனுக்கும் நடுவே ஒரு பெரிய மீனை வைக்கிறது. தூண்டில், தக்கை, இரை, காத்திருப்பு. மீனைத் தின்னப் பிடிக்கிறார்கள் என்பதை மறைக்காத கதை. வேட்டையாடுபவனுக்குத் தன் இரைமேல் இருக்கும் மரியாதையை அதைவிடக் குறைந்த சொற்களில் தமிழில் யாரும் எழுதியதில்லை.

நான் நெடுநாள் மனத்தாங்கலோடு சுமக்கும் பெயர் சு. தமிழ்ச்செல்வி. அவருடைய 'கீதாரி' 2003இல் வந்தது. ராமநாதபுரத்துக் கீதாரிகள் மந்தையை ஓட்டிக்கொண்டு கீழத்தஞ்சைக்கு வந்து அறுத்த வயல்களில் கிடை மறிக்கும் வாழ்க்கை அது. பகலெல்லாம் மேய்த்து, இரவில் ஒருவர் வயலில் ஆடுகளை அடைத்தால், புழுக்கையும் மூத்திரமும் அந்த வயலுக்கு உரம், கீதாரிக்குக் கூலி. மழை பெய்தால் மந்தையோடு மனிதரும் நனைய வேண்டும். குட்டிகளைக் கொடாப்பில் கவிழ்த்து மூடுவது, தொரட்டியால் தழை இழுத்துப் போடுவது, நோய் விழுந்தால் ஒரே வாரத்தில் மந்தை பாதியாவது என்று அன்றாடம் நகர்கிறது. அந்த மந்தைக்கு நடுவே வளரும் பெண் பிள்ளைகளின் கதையாக நாவல் விரிகிறது. பெண்ணியம் பேசும் கட்டுரைகள் அதைத் தொட்டுச் செல்கின்றன. சூழலியல் பேசும் கட்டுரைகள் தொடுவதே இல்லை. ஆட்டின் உள்மனக் குரல் அதில் கேட்கவில்லை என்பதாலா? மனிதர் வாழ்வே ஆட்டின் நடையளவுக்கு அளந்து கிடக்கும் நாவல் அது. ஆடு நின்றால் நிற்கிறார்கள், நடந்தால் நடக்கிறார்கள். விலங்கை மையத்தில் வைப்பது என்றால் இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

பெருமாள்முருகனிடம் வரும்போது என் தராசு கொஞ்சம் ஆடுகிறது. 2000இல் வந்த 'கூளமாதாரி'யைத் தமிழின் பெரிய நாவல்களில் ஒன்றாக வைப்பேன். கவுண்டர் பண்ணையத்தில் ஆடு மேய்க்கக் கட்டிவைக்கப்பட்ட சக்கிலியச் சிறுவர்களுக்கு ஆடுகள் கூட்டாளிகள், அதே ஆடுகள்தான் தளையும். பட்டியில் ஒன்று குறைந்தால் சிறுவனின் முதுகு பதில் சொல்ல வேண்டும். யாருடைய ஆடு, யாருடைய உழைப்பு என்ற கேள்வியை அந்த நாவல் ஒரு பக்கத்திலும் விடுவதில்லை. 'பூனாச்சி'யில் கிழவியும் கிழவனும் அந்தக் கருங்குட்டியைப் பிழைக்கவைக்கப் படும் பாடு, குட்டிகள் விலைக்குப் போகும் நாள், பஞ்சத்தில் எல்லா உயிரும் வற்றும் பகுதி ஆகியவற்றில் அதே பழைய கை தெரிகிறது. ஆட்டுக்குக் காது குத்தி அடையாளம் போட வரிசையில் நிற்கும் இடங்களில் ஆடு விலகி அரசியல் உருவகம் நுழைகிறது. தன் எழுத்துக்கு வந்த எதிர்ப்பால் எழுத்தாளர் அன்று நின்றிருந்த நெருக்கடியை அறிந்தவன் நான், அந்த உருவகத்தின் தேவையையும் மறுக்கவில்லை. ஆனால் 'விலங்கு விலங்காக வந்தது' என்று கொண்டாட அந்தப் பக்கங்களை எடுத்துக்காட்டும்போது எனக்கு ஒப்பவில்லை. வெள்ளாடு மிக வலுவாக இருப்பது 'கூளமாதாரி'யில்.

சாதியைப் பேசாமல் தமிழ்நாட்டில் மிருகத்தைப் பேச முடியாது. மாட்டுக்குச் சொந்தக்காரர் ஒருவர், மேய்ப்பவர் ஒருவர், செத்தால் தூக்கிப் போக விதிக்கப்பட்டவர் ஒருவர் என்று தொழுவமே சேரியையும் ஊரையும் பிரித்தது. 1990களில் எழுந்த தலித் எழுத்து இந்த உறவைச் சொல்லும் சொற்களையே மாற்றியது. மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) கருப்பி என்ற நாயையும் 'கர்ணன்' (2021) கால் கட்டப்பட்ட கழுதையையும் குறியீடு என்று சொல்லிக் கடந்துபோகும் விமர்சகர்கள், வேட்டை நாய் வளர்க்கும் உரிமையே தகராறுக்குக் காரணமாகும் ஊர்களை மறந்துவிடுகிறார்கள். தண்டவாளத்தில் அந்த நாயைக் கட்டியவர்களுக்கு அது குறியீடாக இருக்கவில்லை.

'யானை டாக்டர்' பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. டாப்ஸ்லிப்பில் யானைகளுக்காகவே வாழ்ந்த டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தியைத் தமிழ் வாசகர் ஆயிரக்கணக்கானோர் அறிந்தது இந்தக் கதையால்தான், அந்த நன்றி எனக்கு உண்டு. அழுகிய யானை உடலை அறுக்கும் நாற்றமும், புழுவைக் கண்டு கூசாமல் இருக்கக் கற்கும் கதைசொல்லியும் தமிழில் முன் எழுதப்படாதவை. பல்லைப் பிடித்துப் பார்த்த எழுத்து அது. ஆனால் கதை ஏற ஏற யானை மகாத்மாவாகிறது, மனிதன் அற்பனாகிறான். வாசகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுகிறார், காட்டில் பீர் பாட்டில் வீசுபவனை வெறுக்கிறார். நாள் தவறாமல் யானையோடு இருக்கும் பாகன்கள் பின்னணியில் நின்றுவிடுகிறார்கள். இதைப் பின்பற்றி வந்த கருணைக் கதைகளில் அறுவைக் கத்தியும் இல்லை, நாற்றமும் இல்லை. கண்ணீர் மட்டும் மிச்சம்.

கண்ணீர் வேண்டாத ஒருவர் நம்மிடம் இருந்தார். அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996). கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950இல் தொடங்கி இறக்கும் வரை இயற்கை பற்றிப் பத்தி எழுதியவர், கறுப்பு வெள்ளையில் யானைகளைப் படமெடுத்தவர். ஆங்கில வாசகர் அவரைக் கொண்டாடினர். அவர் தமிழிலும் எழுதினார் என்பதை சு. தியடோர் பாஸ்கரன் தேடித் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' நூலாகத் தராவிட்டால் நாம் அறிந்திருக்கமாட்டோம். பழந்தமிழ் படித்தவரின் சிக்கனமும், களத்தில் நின்றவரின் பிடிவாதமும் அந்த நடையில் உண்டு. தெரிந்ததற்கு மேல் ஒரு சொல் சொல்லமாட்டார். பறவையைத் தாயாகவோ தவசியாகவோ ஆக்கமாட்டார். உரைநடைப் பாடத்திட்டங்களில் அவருக்கு இடம் இல்லை என்பதை நினைத்தால் கோபம் வருகிறது. பாஸ்கரன் அந்த வழியில் 'வனவிலங்கு' என்ற சொல்லின் குறையைச் சுட்டிக் 'காட்டுயிர்' என்பதைப் பரப்பினார். பறவையும் பூச்சியும் பாம்பும் அதற்குள் வந்து சேர்ந்தன. ச. முகமது அலி அதே பெயரில் இதழ் நடத்தினார். ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை என்று நம் நாயினங்களைப் பற்றிப் பாஸ்கரன் எழுதியவை ஒரு சமூக வரலாறாகவே நிற்கின்றன. புனைவெழுத்தாளர்கள் இந்தக் கட்டுரையாளர்களிடம் கற்க வேண்டியது அனுதாபத்தை விட, பெயர் சொல்லும் பழக்கம்.

ஆகவே விலங்கின் கண்ணால் எழுதுவோம் என்று கிளம்புகிற இளைஞர்களிடம் நான் கேட்பது, முதலில் அதன் பக்கத்தில் ஓர் ஆண்டு இருங்கள் என்பதே. ஈத்துக்கு நின்ற மாட்டோடு ஓர் இரவு விழித்திருங்கள். கோமாரி கண்ட தொழுவத்தைக் கழுவுங்கள். ஆனைமலையில் மலசர் குடும்பங்கள் தலைமுறைகளாக யானைகளோடு வேலை செய்கின்றன. முதுமலையின் தெப்பக்காடு முகாமில் அனாதையான குட்டிகளை வளர்த்த காட்டுநாயக்கர் தம்பதி பற்றிய ஆவணப்படம் 2023இல் ஆஸ்கர் பெற்றது, உலகம் பார்த்தது. நான் படிக்கக் காத்திருக்கும் நாவலை அந்த வீடுகளில் ஒன்றிலிருந்து வரும் ஒரு பெண்ணோ பையனோதான் எழுத முடியும். காலையில் ஆற்றில் தேய்த்துக் குளிப்பாட்டி, ராகியும் கொள்ளும் உருண்டை பிடித்து வாயில் ஊட்டி, மதம் பிடித்த நாளில் சங்கிலியை இறுக்கி, மதம் தணிந்ததும் அதே கையால் காதைத் தடவிக்கொடுக்கும் அப்பாவைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. உட்கார், காலைத் தூக்கு, திரும்பு என்று அந்த அப்பா யானையிடம் சொல்லும் சொற்கள் நம் பேச்சில் இல்லாதவை. அவற்றை அப்படியே, அடிக்குறிப்பு இல்லாமல், முதல் பக்கத்து முதல் உரையாடலாக அந்தப் பிள்ளை எழுதட்டும்.