பம்ப் ஸ்டாப்பில் முட்டாத போலோ

ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ-க்கான பிசி ரேசிங் பிஆர் காயிலோவர். தைவான் தயாரிப்பு, மோனோடியூப் ஷாக், 30 கிளிக், விலை ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல். இதையெல்லாம் ஏற்கெனவே தேடிப் படித்திருப்பீர்கள். மாதக்கணக்கில் திருப்பூர் ரோட்டிலும் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் ஓட்டிய பிறகு, இந்த செட்டில் எனக்குப் பெரிதாகப் படுவது ஒரே ஒரு வசதி. முன் ஷாக்கின் அடிப்பகுதியைத் தனியாகத் திருகி காரின் உயரத்தை மாற்றலாம். அப்போது ஸ்பிரிங்கின் இறுக்கம் மாறாது; ஷாக் உள்ளே போய்வரும் ஸ்ட்ரோக்கும் குறையாது.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? நம் ஊரில் டிராக் கார் கட்டக் கிளம்பும் இளைஞர்கள் முதலில் வாங்குவது லோயரிங் ஸ்பிரிங். டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே இரண்டு விரல் போகாத அளவுக்குக் காரை இறக்கிவிட்டு, ஷாக்கை மட்டும் கம்பெனி ஷாக்காகவே விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதைப் பார்த்தாலே வயிறு எரிகிறது. காரை 40 மில்லிமீட்டர் இறக்கினால், ஷாக் அமுங்க மிச்சமிருந்த தூரத்தில் கிட்டத்தட்ட அதே அளவு போய்விடும். வேகமாக வளைவில் திரும்பும்போது வெளிப்பக்க முன்சக்கரத்தின் மீது எடை வந்து இறங்கும். ஷாக் பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய் உட்காரும். அந்த நொடியில் ஸ்பிரிங் வேலை செய்வதை விட்டுவிடுகிறது, டயர் பிடியை இழக்கிறது. ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் கார் நேராகத்தான் போகும். ஓட்டுபவர் டயரைக் குறை சொல்லி, இன்னும் விலை கூடிய டயர் வாங்குகிறார்.

இன்னொரு கேடும் உண்டு. போலோவின் முன்பக்கம் மேக்பர்சன் ஸ்ட்ரட். காரை அளவுக்கு மீறி இறக்கினால் லோயர் ஆர்ம் சக்கரத்தை நோக்கி மேல்சாய்வாகிவிடும். கார் சாயும் மையப்புள்ளியான ரோல் சென்டர், கார் இறங்கியதைவிட அதிகமாகக் கீழே போய்விடும். விளைவு, அதே ஸ்பிரிங்கில் கார் முன்பைவிட அதிகமாகச் சாயும். தாழ்ந்திருந்தால் சாயாது என்று நம்பிப் பணம் போட்டவருக்கு நேர் எதிரான பலன்.

கரி டிராக் 2 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் சின்ன டிராக். 3.7 கிலோமீட்டர் இருங்காட்டுக்கோட்டை டிராக்கைப் போல இன்ஜின் பலத்தைக் காட்ட இங்கே இடமில்லை. ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும். எடை இடமும் வலமுமாக மாறிக்கொண்டே இருக்கும். டிராக்குக்குப் பெயர் தந்த கரிவரதன் கோவையின் மில் குடும்பத்தவர். 1980களின் கடைசியில் மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி கார்களைக் கட்டியவர். நரேன் கார்த்திகேயனும் தொடக்கத்தில் ஓட்டியது அந்தக் காரைத்தான். 796 சிசி இன்ஜினை வைத்துக்கொண்டு நேரத்தை மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் வளைவில்தான் பிடிக்க முடியும். இந்த மண்ணில் கார் கட்டுகிறவர்கள் சஸ்பென்ஷனை அலங்காரமாக நினைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

என் காரில் முன்பக்கம் 6 கிலோ ஸ்பிரிங், அதாவது ஒரு மில்லிமீட்டர் அமுக்க 6 கிலோ எடை வேண்டும். ஒரு சக்கரத்தின் மேல் 300 கிலோ எடை என்று வைத்துக்கொண்டால், அந்த மூலை நொடிக்கு 2 முறைக்குச் சற்று மேல் ஆடும். சாதாரண வீட்டுக் காரில் இது 1 முதல் 1.5 வரை. டிராக்குக்கு இந்த இறுக்கம் போதும். 10 கிலோ கேட்டு வாங்குபவர்கள் தங்கள் முதுகைத்தான் தண்டிக்கிறார்கள். கேம்பர் மைனஸ் இரண்டரை டிகிரி. உயரம், கம்பெனி விட்டதிலிருந்து ஒரு அங்குலம்கூட இறங்கவில்லை. பார்க்கிறவர்கள் ‘இறக்கவே இல்லையா?’ என்கிறார்கள். வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரைத் தொடும்போது முன்பக்கம் பிடித்துக்கொண்டே வருவது அவர்களுக்குத் தெரியாது.

கிளிக் விஷயத்தில் ஒரு குறை. ஒரே திருகு, அமுங்குவதையும் எழுவதையும் சேர்த்தே மாற்றும். எழுவதில்தான் மாற்றம் அதிகம். லைக்ரா கலந்த துணியை இழுத்துவிட்டால் எவ்வளவு வேகத்தில் திரும்புகிறது என்று பார்ப்போமே, அதுதான் இந்தத் திருகின் வேலை. அதிகம் இறுக்கினால் மேட்டில் அமுங்கிய சக்கரம் அடுத்த மேடு வருவதற்குள் திரும்பி வராது. அடுத்தடுத்து அமுங்கி, மறுபடி பம்ப் ஸ்டாப்தான். அதனால் பல்லடம் வழியாக டிராக்குக்குப் போகும்போது தளர்த்தி வைக்கிறேன். அங்கே போய் இறுக்குகிறேன். இரண்டையும் தனித்தனியாக மாற்றும் ஷாக் இந்த விலைக்குக் கிடைக்காது.

வாங்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். இப்போதுள்ள ஷாக்கின் தூசி உறையைக் கழற்றி, ராடில் ஒரு கேபிள் டை கட்டிவிட்டு டிராக்கில் சில சுற்று ஓட்டுங்கள். டை எந்த உயரத்துக்குத் தள்ளப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பம்ப் ஸ்டாப் வரை போயிருந்தால் இந்த செட்டுக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது. ஸ்ட்ரோக் தாராளமாக மிச்சமிருந்தால், அந்தப் பணத்தை முதலில் பிரேக் பேடுக்கும் டயருக்கும் செலவழியுங்கள்.