ஓவியத்தில் தற்செயல்: ஓசூர் எல்லையிலிருந்து ஒரு நோக்கு

கருதியதைக் கருதியவாறே கை வரைவது ஓவியம் என்பது நெடுநாளைய கொள்கை. 20ஆம் நூற்றாண்டில் அக்கொள்கைக்கு மாறாக, வண்ணத்தை ஊற்றியும் சிந்தியும், ஈர்ப்பு விசையையே தூரிகையாகக் கொண்ட ஓவியங்கள் தோன்றின. இவற்றை விபத்தென இகழ்வாரும் உளர். விடுதலையெனப் புகழ்வாரும் உளர். இருசாராரும் தற்செயலின் அளவை ஆராயாது முடிவு கூறுகின்றனர் என்பதே எம் கருத்து.

1936இல் மெக்சிகோ நாட்டு ஓவியர் சிக்கேரோசு நியூயார்க்கு நகரில் சோதனைப் பட்டறை ஒன்றை நடத்தினார். ஊர்திகளுக்குப் பூசும் செயற்கைப் பூச்சு அங்கே ஓவியப் பொருளாயிற்று. ஒரு வண்ணத்தின்மேல் அதனினும் அடர்த்தி மிக்க வண்ணத்தை ஊற்றின், மேலது தாழக் கீழது எழும். அவ்விரண்டின் போராட்டத்தில் எவரும் வரையாத உருவங்கள் விளையும். அவ்வாண்டிலேயே அவர் தீட்டிய 'கூட்டுத் தற்கொலை' என்னும் ஓவியத்தில் இம்முறையைக் காணலாம்.

அப்பட்டறையில் பயின்றவருள் ஒருவர் சாக்சன் பொல்லாக்கு. அவர் 1947 முதல் தரையில் விரித்த துணியின்மேல் வண்ணத்தை ஒழுகவிட்டார். உயரத்திலிருந்து மெல்ல வீழும் தேன் சுருண்டு மடிவதை யாவரும் அறிவர். பொல்லாக்கின் கையுயரமும் விரைவும் அத்தகைய சுருளைத் தவிர்க்கும் அளவில் அமைந்தன என 2019இல் வெளிவந்த நீர்ம இயக்க ஆய்வொன்று காட்டிற்று. ஆகவே, ஆசிரியர் நிலைகுலைவு ஒன்றை வரவேற்க, மாணவர் வேறொன்றை விலக்கினார். இருவரையும் 'தற்செயல் ஓவியர்' என ஒரு பெயரால் அழைத்தல் பொருந்தாது.

இனி நம் நிலத்தை நோக்குவாம். ஓசூரின் ஊர்தித் தொழிற்சாலைகளில் பூச்சு ஒரு துளி வழியினும் அது குற்றம். சிக்கேரோசுக்கு அணியாயது இங்குப் பிழையாகின்றது. அவ்வூர்த் தெருக்களிலோ, தமிழர் கோலம் என்றும் தெலுங்கர் முக்கு என்றும் கன்னடர் ரங்கவல்லி என்றும் வழங்கும் மாவுக்கோடு நாள்தோறும் வாயிலில் வீழ்கின்றது. கை விரையின் கோடு மெலியும், தயங்கின் தடிக்கும். இதுகொண்டு பொல்லாக்கின் முன்னோடி கோலமே எனப் பெருமை கொள்ளுதல் எளிது, உண்மையன்று. கோலத்தில் புள்ளியின் கணக்கு முன்னரே வகுக்கப்பெற்றது. விசை அதற்கு ஏவல் செய்கின்றது. தற்செயல் அதன் ஆக்கத்தில் இல்லை, அழிவிலேயே உண்டு. நடப்பார் காலும் காற்றும் அதனைக் கலைக்கின்றன.

எனினும் கோலம் நமக்கொரு திறனாய்வு அளவுகோலைத் தருகின்றது. அதனை நாள்தோறும் காணும் கண், வீழும் பொருளை ஆளும் கையையும் ஆளாத கையையும் வேறுபடுத்தி அறியும். விசை எங்கும் ஒன்றே. அதற்கு இடங்கொடுக்கும் அளவே வேறு. எத்தற்செயலை ஏற்றான், எதனை மறுத்தான், ஏன் என்னும் வினாக்களுக்கு விடை காணாமல் இவ்வகை ஓவியனைப் பழித்தலும் புகழ்தலும் திறனாய்வு ஆகா.