வைஸுக்கு எது இடம்?

மரவேலைப் பெஞ்சில் வைஸை எங்கே பூட்டுவது என்று கேட்டால் தொழிற்பயிற்சிப் பாடம் சொல்லும் பதில் ஒன்றுதான்: முன்விளிம்பில், இடக்கோடியில். வலக்கைக்காரர் இடக்காலை முன்வைத்து இழைப்புளியை வலமிருந்து இடமாகத் தள்ளுகிறார். தள்ளுகிற விசை வைஸின் பிடியை நோக்கியே போவதால் மரம் ஆடாது. விதி சரிதான். விதி சொல்லாமல் விட்டதில்தான் சங்கடம்.

கோவில்பட்டிக் கரிசலில் பெஞ்சே பிந்தி வந்த சங்கதி. கலப்பைக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் கருவேலம் செதுக்கிய காலத்தில் ஆசாரிக்குத் தரைதான் பட்டறை. உட்கார்ந்தபடியே கால்விரலாலும் குதிகாலாலும் கட்டையை அமுக்கிக்கொண்டு உளியை இறக்குவார். பெரிய பலகை என்றால் எதிரே ஒரு கையாள் உட்கார்ந்து இழைப்புளியை இழுத்துக்கொடுப்பார். இந்தப் பிடிக்கு நிலையான இடம் கிடையாது; ஆரக்காலைத் திருப்பினால் ஆளும் கூடவே திரும்பிக்கொள்வார். வளைந்த வட்டையைப் பிடிக்க இதைவிடத் தோதான வழி இல்லை என்றே நினைக்கிறேன். அதற்குக் கொடுத்த விலை முதுகும் முழங்காலும், அவ்வப்போது ஒரு கால்விரலும். தரையில் அமர்ந்து செய்யும் வேலையைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் ஒரு பகல் அப்படி உட்கார்ந்து பார்க்கலாம்.

வண்டி வேலை போய், கதவும் ஜன்னலும் பிழைப்பானபோது நிமிர்ந்து நிற்கப் பெஞ்சு வேண்டியிருந்தது. அதோடு பல பட்டறைகளுக்குள் வந்தது இரும்பு வேலைக்கான ஃபிட்டர் வைஸ். பெஞ்சின் மேலே, மூலையில், நாலு போல்ட்டில் உட்காரும். ரம்பத்துக்கு அரம் போட அருமையான சாமான். மரத்துக்கு ஆகாது: தாடையின் பல் கடித்துத் தழும்பு விழும், பெஞ்சின் மட்டத்துக்கு மேலே துருத்தி நிற்பதால் நீளப் பலகை படுக்காது. இதை எந்தக் கோடியில் வைத்தாலும் ஒன்றுதான்.

தச்சு வைஸ் வாங்கியவர்களும் ஒரு வேலையை மிச்சம் பிடிக்கிறார்கள். உள்தாடையைப் பெஞ்சின் விளிம்பைக் குடைந்து உள்ளே இறக்காமல், வெளியே வைத்தே முடுக்கிவிடுகிறார்கள். தாடை ஒரு அங்குலம் முன்தள்ளி நிற்கிறது. ஏழடி நிலைக்காலை அதில் பிடித்தால் மரம் பெஞ்சைத் தொடுவதே இல்லை. வலது முனை அந்தரத்தில் தொங்குகிறது. இழைப்புளி அங்கே போகும்போது மரம் அதிரும், பரப்பில் அலை அலையாகத் தடம் விழும். பழி கூர் மழுங்கிய இரும்பின் மேல் போகும். விளிம்போடு தாடை சமமாக இருந்தால் பெஞ்சின் முழு நீளமும் மரத்துக்கு முதுகு கொடுக்கும். தாடையின் இரும்பு பெஞ்சு மட்டத்துக்கு அரை அங்குலம் கீழே இருக்க வேண்டும். மேலே மரச்சட்டம் மட்டும் தெரிந்தால் இழைப்புளி வாய்க்குச் சேதமில்லை.

18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் தச்சர் ரூபோ வரைந்து காட்டிய பெஞ்சில் இடது முன்விளிம்பில் இருப்பது மரக் கொக்கிதான். நீளப் பலகையைத் தாங்க ஆணி செருகும் துளைகள் பெஞ்சின் கால்களில் உண்டு. இடக்கோடிப் பிடியும் வலப்பக்கத் தாங்கலும் ஒரே ஏற்பாட்டின் இரண்டு பாதி. நாம் முதல் பாதியை மட்டும் வாங்கிக்கொண்டோம். வலது காலில் வரிசையாக நாலு துளை போட்டு ஒரு முளை செருக என்ன செலவாகிவிடும்?

இடமா வலமா என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, பெஞ்சின் காலுக்கு நேர்மேலே இருக்கிறதா என்பது. இரு கால்களுக்கு நடுவே பூட்டினால் கொட்டாப்புளி அடியில் பாதியைப் பலகையே துள்ளித் தின்றுவிடும். காலின் மேல் என்றால் அடி நேராகத் தரைக்கு இறங்கும். தரை உறுதியாக இருந்தால்! கரிசல் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஊதி, சித்திரை வெயிலுக்கு வெடிக்கிற மண். தளம் போடாத கொட்டகையில் ஒரு கால் இறங்கினால் பெஞ்சே முறுக்கிக்கொள்ளும், வைஸ் எங்கிருந்தாலும் மரம் ஆடும். அங்கே வைஸுக்கு முன்னால் கல்லும் சிமெண்டும் வாங்குவதே புத்தி.

இடக்கைக்காரருக்கு எல்லாம் தலைகீழ். வலக்கோடியில் பூட்டினால் தீர்ந்தது. கட்டடம் கட்டடமாகப் போய் நிலை பொருத்துகிறவர் விஷயம் வேறு. பையில் கருவிகளோடு பஸ் ஏறுகிறவர் பெஞ்சைத் தூக்கிப் போக முடியாது. அவருக்கு இன்றும் தரையும் காலும்தான்.