கௌபாய் தொப்பியும் சிறுகூடற்பட்டித் தமிழும்

1964 பொங்கலுக்குச் சிவாஜியின் ‘கர்ணன்’ வந்தது. அதே நாளில் எம்.ஜி.ஆரின் ‘வேட்டைக்காரன்’ வந்தது. இரண்டுக்கும் பாட்டு எழுதியவர் காரைக்குடிப் பக்கத்துச் சிறுகூடற்பட்டியில் பிறந்த கண்ணதாசன். கர்ணன் பாடல்களைப் புகழாத பட்டிமன்ற மேடை செட்டிநாட்டில் இல்லை. வேட்டைக்காரன் பாடல்களுக்கு அந்த மரியாதை இன்னும் வந்து சேரவில்லை. வர வேண்டும்.

ஹாலிவுட்டில் 1930, 40களில் பாடும் கௌபாய்களின் காலம் நடந்தது. ஜீன் ஆட்ரிக்குச் சாம்பியன், ராய் ராஜர்ஸுக்கு டிரிக்கர் என்று குதிரைகளுக்கும் பேர் இருந்தது, ரசிகர் இருந்தார்கள். துப்பாக்கி வெடித்தாலும் மனத்தில் தங்கியது பாட்டுதான். தேவர் பிலிம்ஸ் எடுத்த வேட்டைக்காரனில் அந்தக் கௌபாய் தொப்பியையும் கழுத்துக் கைக்குட்டையையும் எம்.ஜி.ஆர். அணிந்தார். எம்.ஏ.திருமுகம் இயக்கினார். உடுப்பு அமெரிக்காவுடையது, வாய் திறந்தால் வருவதோ சுத்தமான நம்மூர்த் தமிழ்.

கே.வி.மகாதேவன் மெட்டில், டி.எம்.எஸ்., சுசீலா குரல்களில் எத்தனை வகை! சீட்டுக்கட்டு ராஜாவை வம்புக்கு இழுக்கும் சீண்டல் ஒன்று. தன்னை அறிந்தவன் உலகில் தலைநிமிர்ந்து நிற்கலாம் என்னும் அறிவுரை ஒன்று. சித்தர் பாட்டின் சாரம் அதில் தெருப்பேச்சாக இறங்கியிருக்கிறது. குழந்தைக்குப் பாடும் நிலா முற்றத்துத் தாலாட்டு ஒன்று. நடுவில் வானம் பார்க்கும் வளவு வைத்துக் கட்டிய வீடுகளின் ஊரில் வளர்ந்த கண்ணதாசனுக்கு முற்றம் வெறும் எதுகைச் சொல் அல்ல. நிலவு வந்து இறங்கும் இடம். பின்பாதியில் நாயகி சாவித்திரிக்குக் காசநோய் வந்து கதை கனத்துவிடுகிறது. அதுவரை படத்தை இறகாய்த் தூக்கிச் செல்பவை இந்தப் பாட்டுகளே.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1961இல் தி.மு.க.வை விட்டு வெளியேறியவர் கண்ணதாசன்; எம்.ஜி.ஆர். அப்போது அக்கட்சியின் பெருமுகம். அந்தக் கசப்பில் ஒரு துளிகூடப் பாட்டில் விழவில்லை. எதிரணி நாயகனுக்கு ஏற்றம் தரும் வரிகளையே மனமுவந்து கொடுத்தார்.

கர்ணனுக்குப் பாரதம் துணை நின்றது. வேட்டைக்காரனுக்கு அப்படி எந்தக் காவியமும் இல்லை. எளிய சொல்லை மட்டும் நம்பி எழுத வேண்டியிருந்தது. அதனால் இந்தப் பாட்டுகளை நான் ஒரு படி கீழே வைக்க மாட்டேன். ஜூன் 24 கவிஞரின் பிறந்தநாள். அன்று காரைக்குடியில் கர்ணன் பாடல்களைப் பாடுகிறவர்கள் வேட்டைக்காரன் பாட்டு ஒன்றிரண்டையும் சேர்த்துப் பாடுங்கள்.