ஒரே நாளில் இரு மடல்கள்

டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் வடிவத்தை 1953இல் ஜேம்ஸ் வாட்சனுடன் இணைந்து வெளியிட்டவர் பிரான்சிஸ் கிரிக். அவருடைய தொடக்ககாலக் கடிதங்கள் அழிந்தன என்றே நெடுநாள் நம்பப்பட்டது. அவை, அவரோடு ஒரே அறையில் பணியாற்றிய சிட்னி பிரென்னரின் தாள்களிடையே கலந்திருந்தது 2010இல் தெரியவந்தது. அறிவியல் வரலாறாக மட்டுமன்றி, மனித உறவின் இலக்கியமாகவும் இவற்றை நாம் படிக்கலாம்.

1951 டிசம்பர் 11 அன்று இலண்டன் கிங்ஸ் கல்லூரியின் மாரிஸ் வில்கின்ஸ், கேம்பிரிட்ஜிலிருந்த கிரிக்குக்கு இரு மடல்கள் எழுதினார். தட்டச்சு செய்த மடல், டி.என்.ஏ. ஆய்வைத் தங்களிடமே விட்டுவிடுமாறு கேட்கிறது. கையால் எழுதிய மடலோ, அதற்காக வருந்துகிறது. முன்னதில் நிறுவனம் பேசுகிறது. பின்னதில் நண்பர் பேசுகிறார். பின்னதே உண்மையானது என்று நம் மனம் உடனே தீர்ப்பளிக்கும்.

அத்தீர்ப்பை 1953 மார்ச் 7ஆம் நாள் மடல் அசைத்துவிடுகிறது. அதுவும் நட்புத் ததும்பும் மடலே. அதில் வில்கின்ஸ், கல்லூரியை விட்டு நீங்கவிருந்த ரோசலின்ட் பிராங்க்ளினைப் பெயர் சொல்லாது, இருளோடு சேர்த்த ஒரு பட்டத்தால் குறிக்கிறார். அவருடைய ஆய்வுக்கூடத்தில் எடுக்கப்பட்ட எக்ஸ்-கதிர்ப் படமும் அளவீடுகளும் அவர் அறியாமலேயே கேம்பிரிட்ஜை எட்டியிருந்தன. அலுவல் மடல் காக்கும் குறைந்தபட்ச மரியாதையை இந்த நெருக்கம் கைவிட்டுவிட்டது.

வில்கின்ஸை மட்டும் குற்றம் சாட்டுவது நேர்மையாகாது. டி.என்.ஏ.யின் எக்ஸ்-கதிர் ஆய்வு பிராங்க்ளினுக்கும் அவருடைய மாணவருக்குமே உரியது என்று துறைத் தலைவர் ஜான் ராண்டல் 1950 டிசம்பரில் அவருக்கு எழுதினார். வில்கின்ஸுக்கு அது தெரிவிக்கப்படவில்லை. ஒருவரிடம் மறைத்த ஒரு மடல் இருவரையும் எதிரெதிரே நிறுத்தியது.

கிரிக்கோ பிற்காலத்தில் பிராங்க்ளினோடு நட்புடன் பழகினார். அறுவைச் சிகிச்சைக்குப் பின் அவர் கிரிக் இல்லத்தில் தங்கி உடல் தேறினார். 1958இல், 37 வயதில், அவர் மறைந்தார். 1962இல் மற்ற மூவரும் நோபல் பரிசு பெற்றனர்.

கடிதத்தின் தரத்தை, அதைப் பெறுபவர் மீது பொழியும் அன்பைக் கொண்டே நாம் அளந்து வருகிறோம். அதை ஒருபோதும் படிக்கப்போகாதவரைப் பற்றி அது எவ்வாறு பேசுகிறது என்பதன்றோ சரியான அளவுகோல்? நாம் எழுதும் மடல்களையும் அதே கோலால் அளந்து பார்ப்போமா?